தொட்டியும் தொட்டிலும்

திருநகருக்குக் குடிவருவதற்கு முன்பு நான் பார்த்த கிறிஸ்துமஸ் குடில்கள் எல்லாம் ஜவுளிக்கடை வாசலில் இருந்தவைதான். பஞ்சைப் பிய்த்துப் பனி என்று தூவியிருப்பார்கள். மதுரை வெயிலில் அந்தப் பனிக்கு நடுவே நின்று யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் குழந்தை ஒன்று படுத்திருக்கும் என்று தெரியும். அது எப்போது அங்கே வந்து படுக்கிறது என்று யோசித்ததே இல்லை.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கணக்கில் பட்டம் வாங்கி, திருமங்கலம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்ததும், ஜூன் மாதம் திருநகரில் ஒரு வீட்டு மாடியறைக்கு வந்தேன். கீழே வீட்டுக்காரர்கள், கத்தோலிக்கர்கள், மூன்று பேர். அண்ணன் எலக்ட்ரீசியன், கல்யாண மண்டபங்களில் வயரிங் வேலை. வந்த இரண்டாம் நாளே என்னை மாப்ள ஆக்கிவிட்டார். அவர் மனைவியை மதினி என்று கூப்பிட்டேன். அண்ணனின் அம்மா எனக்குப் பெரியம்மா.

மதினி அப்போது முழுகாமல் இருந்தார். பெரியம்மாதான் ஒருநாள் என்னை மாடிப்படியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, படியில சத்தமில்லாம எறங்குங்க. அவ கொஞ்சம் அயரட்டும். போன டிசம்பர்ல எட்டாவது மாசத்துல ஒண்ணு தங்காமப் போச்சு. பொம்பளப் புள்ள. இந்த ஒண்ணாவது நல்லபடியா வரணும்."

அன்றிலிருந்து நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மதினி அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சிரித்தார். "என்ன தம்பி, திருடப் போறீகளா?"

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பரணில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். குடில் சாமான்கள். செய்தித்தாளில் சுற்றிய மண் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையில் கொடுத்தார். மாதா, சூசையப்பர், ஒரு காது போன கழுதை, ஆடுகள், இடையர்கள். முன்னறை மூலையில் பிளைவுட்டில் ஒரு மாட்டுக் கொட்டகை எழும்பியது. நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மரத்தொட்டி. நான் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினேன்.

"அண்ணே, கொழந்தையக் காணோமே. ஒடஞ்சு போச்சா?"

"ஒடயல மாப்ள. இன்னும் பொறக்கல."

அலமாரியில் இருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தை எடுத்துத் திறந்து காட்டினார். பஞ்சுக்குள் குழந்தை படுத்திருந்தது. மூடித் திரும்ப வைத்துவிட்டார். டிசம்பர் இருபத்தைந்தில்தான் வெளியே எடுப்பார்களாம். அதுவரைக்கும் அந்தத் தொட்டி காலியாகவே இருக்கும். நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு மெழுகுவர்த்தி, ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குத் திருவருகைக் காலம் என்று பெயர்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா சமையலறையில் இருந்து வந்தார். காலித் தொட்டியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இந்த வருசம் பாலனை இப்பவே வச்சிரு."

"என்னம்மா பேசுற? பொறக்குறதுக்கு முன்னாடியே வைக்கவா?"

"வயித்துப் புள்ளைக்காரி இருக்குற வீட்டுல வெறுந்தொட்டில் ஆகாது. போன வருசமும் இப்படித்தான் வெறிச்சுன்னு வச்சிருந்தோம். என்னாச்சு?"

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் காலித் தொட்டிலை யாரும் ஆட்ட விடமாட்டார்கள். சின்ன வயதில் தெரியாமல் ஆட்டி நான் முதுகில் வாங்கியிருக்கிறேன். பிள்ளை பிறக்குமுன் சட்டை கூட வாங்கக்கூடாது என்பார்கள். வேதம் வேறானாலும் பயம் ஒன்றுதான். போன டிசம்பரில் அந்தப் பிள்ளை போன பிறகு சம்புடத்தை யாரும் திறக்கவில்லை என்பதும், கிறிஸ்துமஸ் முடிந்தும் தொட்டி அப்படியே கிடந்தது என்பதும் எனக்குப் பிறகு தெரியவந்தது.

அண்ணன் சமாளித்துப் பார்த்தார். "அம்மா, அது தொட்டில் இல்ல. தொட்டி. தீவனத் தொட்டி. மாடு திங்குறதுக்கு வச்சது."

"மாடு தின்னா தொட்டி. புள்ளையப் படுக்க வச்சா தொட்டில். எனக்குச் சொல்ல வந்துட்டான்."

ஒரே ஒரு எழுத்து. அதை வைத்துத் தாயும் மகனும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அண்ணன் களைத்துப்போய், "அப்ப இந்த வருசம் குடிலே வேணாம், விடு" என்று கழுதையைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார்.

மதினி உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். டாக்டர் நடமாடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

"தொட்டியா தொட்டிலான்னு நீங்க ரெண்டு பேரும் சாயங்காலத்துக்குள்ள பேசி முடிங்க. குடில் இருக்கணும். அது காலியாத்தான் இருக்கணும்."

பெரியம்மா கதவருகே போய் நின்றார். "ஒனக்குப் பயமா இல்லையாத்தா?"

"பயமாத்தான் இருக்கு அத்தை. அதுக்காக வாரவரு எடத்த அடைச்சு வச்சுட்டு வாங்கன்னு கூப்புட முடியுமா?"

அண்ணன் கழுதையைப் பிரித்து அதன் இடத்தில் நிறுத்தினார்.

மதினி சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. எங்கள் கோயிலில் சாமி எப்போதும் உள்ளே இருக்கும். பூசாரி கதவைத் திறந்தால் தெரியும், சாத்தினால் தெரியாது, ஆனால் இருக்கும். சாமிக்கென்று ஒரு இடத்தைப் போட்டு, அதைக் காலியாக வைத்து, இன்னும் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரிய ஒத்துக்கொள்வது எனக்குப் புதிதாக இருந்தது. அதற்கு ஒரு தைரியம் வேண்டும் என்று தோன்றியது.

தொட்டியில் வைக்கோல் போடுவது மதினி சின்ன வயதில் பார்த்த வழக்கம். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு துரும்பு வைக்கலாம். குழந்தை வருவதற்குள் படுக்கை மெத்தென்று ஆகிவிட வேண்டும். திருநகரில் வைக்கோலுக்கு எங்கே போவது? நான் கொண்டுவருகிறேன் என்றேன். அந்த வீட்டுக்கு என்னால் ஆகக்கூடிய ஒரு காரியம் அகப்பட்டதில் எனக்குச் சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்குய்யா வைக்கோலு? வீட்டுக்காரவுக மாடு வாங்கிட்டாகளா?"

நான் கதையைச் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். இயேசு என்ற பெயரைச் சுவரில் எழுதியிருப்பார்கள் என்ற அளவுக்குத்தான் தெரியும். பாதிக் கதையில் நிறுத்தினார்.

"மாட்டுக் கொட்டத்துலயா? அம்புட்டுப் பெரிய ஊருல ஒரு வீட்டுலயுமா எடம் குடுக்கல?"

"சத்திரத்துல எடம் இல்லையாம்மா."

"நெறமாசக்காரிய நிப்பாட்டி வச்சு எடம் இல்லைன்னு சொன்னாகளாக்கும். சரி, வெந்நி யாரு வச்சுக் குடுத்தா?"

"என்ன வெந்நி?"

"பெத்தவளுக்கு வெந்நி வைக்கணும்ல? ஆம்பள ஒருத்தன் மட்டும் கூட இருந்தா அவனுக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அம்மா படப்பின் மேல்வைக்கோலை ஒதுக்கிவிட்டு உள்ளே கைவிட்டு உருவினார். உதறினார். கணுக்களை ஒடித்து எறிந்துவிட்டு நுனிப்பக்கம் மெதுவாக இருப்பதை மட்டும் சேர்த்தார். பொம்மைதானம்மா என்றேன். "இருக்கட்டும். பச்சப்புள்ள ஒடம்புல குத்தும்ல" என்றார்.

பையில் இருந்து வைக்கோல் எட்டிப்பார்த்ததைக் கண்டு பேருந்தில் கண்டக்டர், "வாத்தியாரே, மாட்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

அம்மாவின் வெந்நிக் கேள்வியை மதினியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லாததால் சிரித்தார். "அத எழுதுனவுக பூராம் ஆம்பளைக தம்பி. வெந்நிய எங்க எழுதப் போறாக?"

அந்த வீட்டில் தினமும் மாலை ஜெபம் நடக்கும். மதினி தலையணையில் சாய்ந்து அன்றைய வாசகத்தைச் சத்தமாகப் படிப்பார். நான் மாடிக்கு ஏறும் வழியில் நின்று கேட்பேன். பிறகு நாற்காலி போட்டுவிட்டார்கள். குழந்தை பிறக்கப்போகிற கதை வரும் என்று எதிர்பார்த்தேன். முதல் வாரம் வந்ததெல்லாம் வேறு. சூரியன் இருளுமாம், வானம் அசையுமாம், அவர் மேகத்தின் மேல் வருவாராம், விழித்திருக்க வேண்டுமாம். எனக்குக் குழப்பமாக இருந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம். அவருதான் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே பொறந்துட்டாரே. இன்னும் எதுக்குக் காத்திருக்கீக?"

அண்ணன் சீரியல் செட் பல்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "நீ மாடியில இருந்து எறங்கிப் போறப்ப என்னன்னு சொல்லுவ?"

"வாரேண்ணே-ன்னு சொல்லுவேன்."

"போறேன்னு சொல்ல மாட்டேல்ல? அவரும் போறப்ப வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அதான்."

"அவரு போயி இம்புட்டு நாளாச்சே?"

"அதுக்கென்ன செய்ய? சொன்னவரு வருவாருல்ல." ஒரு பல்பு எரியவில்லை. கழற்றி வேறு மாட்டினார்.

வந்தவருக்கும் வரப்போகிறவருக்கும் சேர்த்து ஒரே காத்திருப்பு. முதல் தடவை மாட்டுக் கொட்டகையில், யாரும் பார்க்காமல், குழந்தையாக. அடுத்த தடவை எல்லாரும் பார்க்க, நீதி சொல்பவராக. இரண்டும் ஒரே ஆள். பெரிய இடத்து மனிதர்கள் முதலில் சிறியவராக வந்து பழகிவிட்டுப் போவதை நான் பார்த்ததில்லை. தேர்தலுக்கு வருபவர்கள் கூட காரில் இருந்து இறங்காமலே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நியாயம் கேட்கப்போகிறவர் முதலில் இடமில்லாதவர்களோடு இருந்து பார்த்திருக்க வேண்டும் என்ற நினைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்றைக்கும் அதைவிட அழகான ஒரு நம்பிக்கையை நான் கேட்டதில்லை.

ஒருநாள் மதினி அட்டவணையில் அன்றைக்கு உரியதை முடித்துவிட்டு, கடைசி நாள்களைப் பற்றிய பகுதியைத் தானாகவே தொடர்ந்து படித்துக்கொண்டு போனார். அதில் அந்த நாள்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளின் பாடு எவ்வளவு கஷ்டம் என்று ஒரு வரி வந்தது. பெரியம்மா சட்டென்று, "அத விட்டுட்டு அடுத்தத வாசி" என்றார். மதினி நிறுத்தினார். பிறகு அதே வரியை முழுதாகப் படித்தார்.

"உலகமே அழியுதுன்னு சொல்றப்பக்கூட என்னைய மாதிரி ஆள மறக்கல பாருங்க அத்தை. பாவம், இவளுக எப்படி ஓடுவாளுகன்னு நெனச்சிருக்காரு."

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

வைக்கோல் சேர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் எதற்கெடுத்தாலும் துரும்பு கேட்டார். "காப்பி போட்டுக் குடுத்தேன். ஒண்ணு வைக்கவா?"

"அது ஒங்க வேல. அதுக்கெல்லாம் வைக்கோல் கெடயாது."

என்னையும் வைக்கச் சொன்னார் மதினி. வீட்டுக்கணக்குப் போடாமல் வந்த பையனை நான் திட்டாமல் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அன்று ஒன்று வைத்தேன். வேறு வேதத்துக்காரன் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "வைக்கோலே ஒங்க வீட்டுதுதான?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் சமையலறையில் ரகளை. அண்ணன் டீக்கு இஞ்சி தட்டும் குழவிக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். சின்ன உரலில் போட்டு இடிக்கும் விரல் நீளக் கல். உரல் இருக்கிறது, கல்லைக் காணோம். பெரியம்மா எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் துலக்கினார். நான் என் பங்குத் துரும்பை வைக்கப்போனேன். வைக்கோல் ஒரு பக்கம் மேடாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, இஞ்சிக் கல்லு குடிலுக்குள்ள கெடக்கு."

பெரியம்மா துலக்குவதை நிறுத்தினார். பிள்ளையைப் போடுவதற்கு முன் தொட்டிலில் குழவிக்கல்லைப் போடும் பழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. தொட்டில் வெறுமையாக இருந்தது என்று ஆகிவிடக்கூடாது. பெரியம்மா வெறுந்தொட்டிலைச் சகிக்க முடியாமல் முதல் வாரமே வைக்கோலுக்கு அடியில் கல்லை ஒளித்து வைத்திருக்கிறார். அப்படியானால் அண்ணன் இத்தனை நாளும் டீயில் இஞ்சி போடவே இல்லை என்பதும் அப்போது வெளியே வந்தது.

"ஏம்மா, மாதாவும் சூசையப்பரும் முழங்கால் போட்டு இஞ்சிக் கல்லையா கும்புட்டுக்கிட்டு இருந்தாக?" அண்ணன் கல்லை எடுக்கக் கையை நீட்டினார்.

"எடுக்காதீக," என்றார் மதினி. சிரித்துச் சிரித்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தார். "ரெண்டாவது ஞாயித்துக்கெழம நம்ம வாசிச்சோம்ல? இந்தக் கல்லுகள்ல இருந்துகூட கடவுளால புள்ளைய எழுப்ப முடியும்னு வந்துச்சுல்ல? கெடக்கட்டும். அத்தை வேதத்துல உள்ளதத்தான் செஞ்சிருக்காக."

பெரியம்மாவுக்கு அது கேலியா இல்லையா என்று தெரியவில்லை. மதினியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி இல்லை. எனக்கும் அது விளங்கிற்று. மாமியாரின் பயத்தையும் தன்னுடைய நம்பிக்கையையும் ஒரே தொட்டியில் படுக்க வைக்க அவருக்கு இடம் இருந்தது. அந்த மனசை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் நான் கீழே வந்தேன். பெரியம்மாவும் அண்ணனும் இரவுப் பூசைக்குப் போய்வந்திருந்தார்கள். மதினி போக முடியாததால் அவர் எழுந்திருக்கும் வரை சம்புடத்தைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். அண்ணன் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பெரியம்மா தானாகவே கல்லை எடுத்துவிட்டு வைக்கோலைச் சமன்படுத்தினார். மதினி பஞ்சைப் பிரித்துக் குழந்தையை எடுத்துப் படுக்கவைத்தார். எல்லாரும் பாடினார்கள். எனக்குப் பாட்டுத் தெரியாது, கை தட்டினேன்.

"அவரு வந்துட்டாரு," என்றார் மதினி. "இனி எம்முறை."

தெருவெல்லாம் வெடி. கேக் வந்தது, பிரியாணி வந்தது. அந்த வீட்டில் மட்டும் பண்டிகை வந்த பின்னும் காத்திருப்பு முடியவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றினார்கள். மதினி தினமும் வாசிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அப்போதுதான் திருவருகை என்பது டிசம்பரோடு தீர்கிற விஷயம் இல்லை என்று புரிந்தது. ஒரு தடவை வந்துவிட்டார் என்பதை வைத்துக்கொண்டுதான் இன்னொரு தடவைக்கான காத்திருப்பை அவர்கள் தாங்குகிறார்கள்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே அண்ணன் வண்டிச் சாவியைத் தேடும் சத்தம். சாவி அவர் கையிலேயே இருந்தது.

"விடிஞ்சதுல இருந்து அசைவு தெரியல மாப்ள."

நான் ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தேன். மதினி வயிற்றில் கைவைத்தபடி ஏறினார். பெரியம்மா ஏறும்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஆட்டோ மெயின் ரோட்டுக்குத் திரும்பிய பிறகும் நான் வாசலில் நின்றேன். யாரிடம் வேண்டுவது என்று தெரியவில்லை. எங்கள் குலசாமியின் பெயரைச் சொன்னேன். பிறகு அவர்கள் சாமியிடமும் சொன்னேன்: இந்த வீட்டுக்காரர்கள் உங்களுக்காக எவ்வளவு நேரம் விழித்திருந்தார்கள் என்று நான் பார்த்தேன், கொஞ்சம் சீக்கிரம் வாங்க.

பள்ளியில் அன்று பின்னங்கள் நடத்தினேன். கரும்பலகையில் நான் தவறாகப் போட்டதை ஒரு மாணவி எழுந்து திருத்தினாள். மதிய உணவு வேளையில் ஆசிரியர் அறையில் போன் அடித்தது. அண்ணன் எண்தான். எடுத்தேன். காதைக் கிழிக்கும் இரைச்சல்.

"அண்ணே? என்னண்ணே சத்தம்? ஒண்ணும் கேக்கலயே!"

"மக மாப்ள!" அவரும் கத்தினார். "ஆபரேசன் பண்ணி எடுத்தாக. எடுத்ததுல இருந்து வாய மூடல. இம்புட்டுச் சத்தத்த எங்க வச்சிருந்தாளோ!"

"மதினி?"

"நல்லா இருக்கா. மாப்ள, கேக்குதா? இந்தா, இன்னும் பக்கத்துல வச்சுக் காட்டுறேன்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ் ஆசிரியருக்கும் கேட்டது. யார் வீட்டுப் பிள்ளை சார் என்றார். நான் போனை அவர் பக்கம் நீட்டினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவிலேயே அவள் குரல் கேட்டது. எந்த அறை என்று யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். செவசெவவென்று முகம், மூடிய கண், திறந்த வாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போதும்டி ஆத்தா, போதும். பக்கத்துல உள்ளவுக எல்லாம் எந்திரிச்சுப் போகப் போறாக," என்று பெரியம்மா தட்டிக்கொடுத்தார். "ஷ்ஷ், ஷ்ஷ்."

மதினி மயக்கம் முழுதாகத் தெளியாமல் கிடந்தார். கண்ணைத் திறக்கவில்லை. உதடு உலர்ந்திருந்தது.

"அமத்தாதீக அத்தை," என்றார். "அழட்டும். நல்லா அழட்டும்."